வேர் என்று எழுதிய பொடி

ஒரு மூலிகைப் பொடிக்கு வந்த ஆய்வறிக்கை பல மாதங்களாக என் மனத்தை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது. இரண்டே பக்க அறிக்கை. பொருள்: அமுக்கரா கிழங்குப் பொடி, அதாவது அஸ்வகந்தாவின் வேரை இடித்த பொடி. ஈரப்பதம் சரி. எரித்தபின் மிஞ்சும் மொத்தச் சாம்பல் 6.8 சதவீதம், எல்லை 7, ஆகவே சரி. ஈயம், ஆர்செனிக், பாதரசம், காட்மியம் நான்கும் எல்லைக்குள். ஈ.கோலை இல்லை, சால்மொனெல்லா இல்லை. அமுக்கராவின் முக்கியச் சத்தான வித்தனோலைடு, மொத்தமாகக் கேட்ட அளவைவிடக் கூடுதலாகவே இருந்தது. கடைசியில் 'தரத்துக்கு உட்பட்டது' என்று முத்திரை, கையெழுத்து. அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. இருந்தும் அந்தப் பொடியை மருந்தில் சேர்க்கக்கூடாது என்றுதான் நான் சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

மூலிகைகளை அடையாளம் காண்பதுதான் என் வேலை. சென்னையில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் மைக்ரோஸ்கோப்புக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவள் நான். அந்த அறிக்கையைக் கொடுத்தது எங்கள் கூடம் அல்ல. ஆனால் எங்களிடம் வந்து அதே பரிசோதனைகளை மட்டும் கேட்டிருந்தால், நாங்களும் அதே முடிவைத்தான் கொடுத்திருப்போம். இந்த நினைப்புதான் தூங்க விடாமல் செய்கிறது. இதில் யாரோ ஒருவர் ஏமாற்றிவிட்டார் என்று சொல்லி முடித்துவிட முடியாது. எதைக் கேட்டு, எதைக் கேட்காமல் விடுகிறோம் என்பதில் இருக்கிறது விஷயம்.

பொடி எனக்கு வந்த வழியைச் சொல்கிறேன். கும்பகோணம் பக்கம் சிறிய சித்த மருத்துவமனை நடத்தும் மருத்துவர் ஒருவர், கல்லூரியில் எனக்கு இளையவர், என்னை அக்கா என்பார். சூரணங்களைத் தானே செய்து கொடுப்பவர். முன்பெல்லாம் கிழங்காக வாங்கி இடித்துக்கொண்டிருந்தார். உதவிக்கு ஆள் கிடைக்காமல் போனதும் பொடியாகவே வாங்கத் தொடங்கினார். வியாபாரி மூட்டையோடு அறிக்கையையும் சேர்த்து அனுப்பிவிடுவார். ஒருநாள் போன் செய்தார். "அக்கா, பிட்டு பச்சையா வருது. ஒரு தடவ பாருங்களேன்" என்றார்.

அமுக்கராச் சூரணத்தின் கணக்கு அழகானது. கிராம்பு 1 பங்கு, சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128. ஒவ்வொன்றும் முன்னதைப்போல் இரண்டு மடங்கு. சர்க்கரையை விட்டுவிட்டால் 127 பங்கில் 64 பங்கு அமுக்கராதான். அதனால் அமுக்கரா தவறினால் மருந்தில் பாதி தவறியது என்றே அர்த்தம். அந்த அமுக்கராவையும் அப்படியே சேர்ப்பதில்லை, முதலில் சுத்தி செய்ய வேண்டும். பொடியில் பால் விட்டுப் பிசறி, பாத்திரத்தின் வாயில் துணி கட்டி, ஆவியில் பிட்டு அவிப்பதுபோல் அவித்து, வெயிலில் காயவைத்து, மறுபடி இடித்து, துணியில் சலித்து வஸ்திரகாயம் செய்வார்கள். நல்ல கிழங்காக இருந்தால் அவிந்து வரும்போது பழுப்பு கலந்த வெண்மையாக, மாவாக இருக்கும். இவருக்கு வந்தது லேசாகப் பச்சை தட்டியிருந்தது. துணியிலும் அந்தச் சாயம் இறங்கியிருந்தது. அந்தத் துணியை வாட்ஸ்அப்பில் படமெடுத்து அனுப்பியிருந்தார்.

எத்தனையோ கருவிகளுக்குத் தப்பிய ஒன்று பால் ஆவியில் மாட்டிக்கொண்டது. சுத்தி செய்வது நஞ்சு நீக்க, வீரியத்தைச் சமன் செய்ய என்று படித்திருக்கிறோம். சரக்கைக் கையில் எடுத்து, பிசறி, முகர்ந்து, நிறம் பார்க்க அது ஒரு நேரத்தையும் கொடுக்கிறது என்று அன்றைக்குத் தோன்றியது. அந்த வேலையை இயந்திரத்திடம் விட்டவர்களுக்கு அந்தப் பச்சை கண்ணில் பட்டிருக்காது.

ஸ்லைடில் தெரிந்தது

பொடி கூரியரில் வந்தது. முதலில் வெள்ளைத் தாளில் கொட்டிப் பார்த்தேன். வெறும் கண்ணுக்கு ஒன்றும் விபரீதமாகத் தெரியவில்லை. வெளிர் மஞ்சள், கொஞ்சம் மங்கல். நாக்கில் வைத்தால் கசப்பு முன்னால் நின்றது. அமுக்கராவும் கசக்கத்தான் செய்யும். ஆனால் நல்ல கிழங்கை மென்றால் கசப்போடு ஒரு வழவழப்பும் மாவுத்தன்மையும் சேர்ந்து வரும். அது இதில் குறைவு.

வேர்ப்பொடியை மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது எளிய வேலை. ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் வைத்து, ஒரு சொட்டு அயோடின் விட்டால் மாவுத்துகள்கள் கருநீலமாகிவிடும். அமுக்கரா வேர் மாவுச்சத்து நிறைந்தது, ஸ்லைடு முழுக்கக் கருநீல மணிகள் தெரிய வேண்டும். இன்னொரு சிட்டிகையைக் குளோரல் ஹைட்ரேட் கரைசலில் வைத்து ஸ்பிரிட் விளக்கில் லேசாகச் சூடாக்கினால் மாவும் நிறமும் போய், செல்களின் சுவர்கள் தெளிவாகத் தெரியும். வேரென்றால் அங்கே நீரைக் கடத்தும் குழாய்களின் துண்டுகள், தக்கைச் செல்கள், மெல்லிய சுவருள்ள செல்கள் இருக்கும். இன்ன சில இருக்கவே கூடாது என்றும் ஒரு பட்டியல் உண்டு. அதில் முதலாவது இலைத்துளை. மண்ணுக்கடியில் வளரும் வேருக்கு மூச்சுவிட இலைத்துளை கிடையாது.

அயோடின் ஸ்லைடில் கருநீல மணிகள் இருந்தன. அதாவது வேரும் அதில் இருந்தது. இரண்டாவது ஸ்லைடைச் சூடாக்கி, ஆறவைத்து, கவர்சிலிப் போட்டு, குறைந்த உருப்பெருக்கத்தில் நகர்த்திக்கொண்டே போனேன். குழாய்த் துண்டுகள் வந்தன. தக்கை வந்தது. அப்புறம் மெல்லிய தோல்போல் ஒரு துண்டு, அலையலையான ஓரமுள்ள செல்கள். உருப்பெருக்கத்தைக் கூட்டினேன். நடுவில் இரண்டு காவல் செல்கள், அவற்றைச் சுற்றி மூன்று செல்கள், மூன்றில் ஒன்று மற்ற இரண்டைவிடச் சிறியது. கத்தரி, தக்காளி, ஊமத்தை, அமுக்கரா அடங்கிய குடும்பத்தின் இலைகளில் காணும் இலைத்துளை அது. பக்கத்திலேயே கிளைவிட்ட ஒரு மயிர், பாதி ஒடிந்து கிடந்தது. அமுக்கரா இலையைத் தடவினால் சாம்பல் பூத்த வெல்வெட்டாக இருக்கக் காரணமே இந்த மயிர்கள்தான். ஸ்லைடை இன்னும் நகர்த்தினேன். இன்னொரு இலைத்துளை. இன்னும் ஒன்று. பச்சையம் போன நெடுக்குச் செல்களின் வரிசை ஒன்று. பறிக்கும்போது தவறிக் கலந்துவிட்ட ஓரிரண்டு இலை என்று இதைச் சொல்ல முடியாது. புதிது புதிதாக ஸ்லைடு போட்டேன், எல்லாவற்றிலும் இலை இருந்தது.

அதுவும் அமுக்கராவின் இலையேதான். வேறு செடியைக் கொண்டுவந்து கலக்கவில்லை. அதே செடியின் வேரோடு அதே செடியின் இலையை அரைத்திருக்கிறார்கள். இந்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் எழுந்து போய்விட்டு வந்தேன். ஏனென்றால் அறிக்கை ஏன் அத்தனை நன்றாக இருந்தது என்பது அப்போதுதான் புரிந்தது.

வித்தனோலைடு என்று சொல்லும் பொருள்களின் கூட்டம் வேரில் மட்டும் இருப்பதில்லை. இலையில் அவற்றில் சில இன்னும் அதிகம், குறிப்பாக வித்தாஃபெரின் ஏ. சந்தையில் அமுக்கராவின் விலையை இன்று தீர்மானிப்பது 'மொத்த வித்தனோலைடு எத்தனை சதவீதம்' என்ற ஒரே எண். மாவு நிறைந்த பருத்த கிழங்கில் அந்த எண் அவ்வளவாக ஏறாது. மருத்துவர்கள் விரும்பி வாங்குவதோ அந்தக் கிழங்கைத்தான். எண்ணை ஏற்ற எளிய வழி இலையைச் சேர்ப்பது. மத்தியப் பிரதேசத்தில் நீமச், மந்த்சௌர் வட்டாரத்தில் வயல் வயலாக அமுக்கரா பயிராகிறது. அறுவடையின்போது செடியை வேரோடு பிடுங்கி, வேரைத் தனியே வெட்டிவிட்டால் மீதி எல்லாம் கழிவு. அந்தக் கழிவுக்கு இப்போது விலை வந்துவிட்டது.

வித்தனோலைடை அளக்கும் எச்பிஎல்சி கருவியை ஓட்டியவருக்கு இது தெரிந்திருக்கும் என்பதுதான் எனக்கு ஆகாமல் இருப்பது. அந்தக் கருவி மொத்தம் என்று ஒரு எண்ணை மட்டும் துப்புவதில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனிச் சிகரமாக வரைந்து காட்டும். வித்தாஃபெரின் ஏ தலைதூக்கி நிற்பது அந்தத் தாளில் பளிச்சென்று தெரியும். வேரிலும் அது உண்டு, ரகத்துக்கு ரகம் மாறும், ஆகவே அந்த ஒரு சிகரத்தை வைத்து இலை இருக்கிறது என்று அடித்துச் சொல்ல முடியாது. சந்தேகப்பட முடியும். பொருள்களைப் பட்டை பட்டையாகப் பிரித்துக் காட்டும் எச்பிடிஎல்சி தட்டில், இலையில் உள்ள ஃபிளேவனாய்டுகளுக்கான வினைப்பொருளைத் தெளித்துப் பார்த்திருந்தால், வேரில் வராத மஞ்சள், ஆரஞ்சுப் பட்டைகள் புற ஊதா ஒளியில் மின்னியிருக்கும். நான் போட்டுப் பார்த்தேன், மின்னின. ஆனால் வாடிக்கையாளர் கேட்டது மொத்தம். அறிக்கைப் படிவத்தில் இருப்பதும் மொத்தம். எல்லாச் சிகரங்களையும் கூட்டி ஒரு எண்ணாக அச்சடித்ததும் சந்தேகத்துக்கான இடம் போய்விட்டது.

டிஎன்ஏ பார்க்கலாமே என்பார்கள்

இதைச் சொன்னால் நண்பர்கள் உடனே கேட்பது, "டிஎன்ஏ டெஸ்ட் இருக்கே?" என்பதுதான். இருக்கிறது, நல்ல முறை, அதன்மேல் எனக்கு மதிப்பும் உண்டு. ஆனால் இந்தப் பொடியை அதற்கு அனுப்பியிருந்தால் அமுக்கராவின் தாவரவியல் பெயரைப் போட்டு, 'விதானியா சோம்னிஃபெரா, சந்தேகமே இல்லை' என்று பதில் வந்திருக்கும். ஒரு செடியின் வேரிலும் இலையிலும் இருப்பது ஒரே டிஎன்ஏ. எந்தச் செடி என்ற கேள்விக்கு அது பதில் சொல்லும், எந்த உறுப்பு என்று அதனிடம் கேட்டுப் பயனில்லை. சித்த மருத்துவமோ சமூலம் என்னும் முழுச்செடி, வேர், பட்டை, இலை, பூ என்று ஒவ்வொரு மருந்துக்கும் உறுப்பைப் பிரித்துச் சொல்கிறது. இன்ன செடி என்று தெரிந்தால் வேலையில் பாதிதான் முடிந்திருக்கிறது.

அதேபோல் சாறெடுத்து உலர்த்திய எக்ஸ்ட்ராக்ட் வகைகளில் டிஎன்ஏ சிதைந்தோ இல்லாமலோ போயிருக்கும். 2015-ல் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் பெரிய கடைகளில் விற்ற மூலிகை மாத்திரைகளை டிஎன்ஏ முறையில் சோதித்து, பலவற்றில் லேபிளில் சொன்ன செடியே இல்லை என்று அறிவித்தபோது பெரிய விவாதம் கிளம்பியது. எக்ஸ்ட்ராக்டில் டிஎன்ஏ தேடினால் எப்படிக் கிடைக்கும் என்று மூலிகைத் துறை ஆய்வாளர்கள் பலர் கேட்டார்கள். கேள்வி நியாயமானது. கடைக்காரர்கள் யோக்கியர்கள் என்று அதற்கு அர்த்தமில்லை. கருவியைப் பொருத்தமில்லாத பொருளிடம் கொண்டுபோனால் கிடைக்கும் பதில் இரண்டு பக்கமும் உதவாது, அவ்வளவுதான்.

டிஎன்ஏ அருமையாக வேலை செய்யும் இடமும் உண்டு. கீழாநெல்லியை எடுத்துக்கொள்வோம். மழை விட்டதும் வரப்பில், தோட்டத்தில், செங்கல் இடுக்கில் எங்கும் முளைக்கும். கூடவே அதே சாயலில் நாலைந்து சொந்தக்காரச் செடிகளும் முளைக்கும். 2010-ல் வெளியான ஓர் ஆய்வில் தென்னிந்தியாவில் 25 கடைகளில் வாங்கிய சரக்கை உருவ அமைப்பையும் டிஎன்ஏவையும் வைத்துப் பார்த்தார்கள். மொத்தம் ஆறு இனங்கள் தென்பட்டன. 76 சதவீதக் கடைகளில் இருந்தது பெரும்பாலும் சரியான பிலாந்தஸ் அமாரஸ்தான். மீதி 24 சதவீதக் கடைகளில் மற்ற ஐந்து இனங்கள். நான்கில் மூன்று கடை சரியாகத்தான் கொடுத்திருக்கிறது என்பதை நான் திரும்பத் திரும்பச் சொல்லுவேன். நாட்டு மருந்துக் கடை என்றாலே கலப்படம் என்று பேசுவது எளிது, ஆனால் உண்மை அப்படி இல்லை. மீதி நான்கில் ஒரு பங்கிலும், வரப்பில் குனிந்து பிடுங்குகிற பெண்ணின் கை ஒரே மாதிரித் தெரிகிற இன்னொரு செடியையும் சேர்த்துப் பிடுங்கியதே பெரும்பாலும் காரணமாக இருக்கும். அந்தப் பெண்ணுக்கு எடைக்குத்தான் காசு. வித்தியாசத்தை யாரும் அவரிடம் காட்டியதும் இல்லை.

இன்னொரு பக்கம் மரமஞ்சள். தெற்கே நமக்கு அது மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காடுகளிலும் இலங்கையிலும் வளரும் பெருங்கொடி, காசினியம் ஃபெனஸ்ட்ரேட்டம். வெட்டினால் உள்ளே பளீர் மஞ்சள். வடக்கே மரமஞ்சளைக் குறிக்கும் தாருஹரித்ரா என்றால் இமயமலைச் சரிவில் வளரும் பெர்பெரிஸ் என்ற முட்புதர். குடும்பமே வேறு. இரண்டிலும் பெர்பெரின் என்ற பொருள் இருக்கிறது, மஞ்சள் நிறமே அதனால்தான். பெர்பெரின் எவ்வளவு என்று மட்டும் அளந்தால் இரண்டும் தேறும். மட்டமான கட்டைப்பொடியில் கடையில் வாங்கிய பெர்பெரினைத் தூவினால் அதுவும் தேறும். அங்கே மைக்ரோஸ்கோப்பும் டிஎன்ஏவும் உதவும். மரமஞ்சள் கொடி அருகிவரும்போது அதன் இடத்தில் வேறு எதெல்லாம் வந்து உட்காரும் என்று தெரிந்துகொள்ள, அளவு சொல்லும் கருவி போதாது.

நம் அறிக்கைப் படிவங்கள் ஏன் இப்படி அமைந்தன என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. 2004-ல் அமெரிக்காவில் பாஸ்டன் வட்டாரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளில் 14-ல் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்ததாக ஓர் ஆய்வு வந்தது. உலகம் முழுக்கப் பேச்சாகிவிட்டது. ஏற்றுமதியாகும் மூலிகை மருந்துகளுக்குக் கன உலோகப் பரிசோதனை 2006 முதல் கட்டாயமானது. அது வேண்டியதுதான். ஈயம் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு), ஆர்செனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3 என்ற எல்லைகளை இன்று சிறு வியாபாரிகூட மனப்பாடமாகச் சொல்கிறார், சந்தோஷம்தான். ஆனால் அறிக்கை என்றாலே உள்ளே என்ன இருக்கக்கூடாது என்பதன் பட்டியலாக ஆகிவிட்டது. என்ன இருக்க வேண்டும் என்பதற்கு மேலே ஒரு வரிதான்: 'சாம்பிளின் பெயர்'. அந்தப் பெயரையும் வாடிக்கையாளர் எழுதிக் கொடுத்தபடியே தட்டச்சு செய்வார்கள். பல அறிக்கைகளின் அடியில் சின்ன எழுத்தில் 'பெயர் வாடிக்கையாளர் கூறியபடி' என்று இருக்கும். யாராவது அதைப் படிக்கிறார்களா?

இதனால் என்ன கெட்டுவிடப்போகிறது, அமுக்கரா இலையும் அமுக்கராதானே என்று அந்த வியாபாரி என்னிடம் கேட்டார். மருத்துவர் அவர் எண்ணைக் கொடுத்திருந்தார், நானே பேசினேன். "அஸ்ஸே நல்லா வந்திருக்கு, அப்புறம் என்ன மேடம்?" என்றார். அஸ்ஸே என்று அவர் சொன்னது வித்தனோலைடு அளவை. குரலில் எகத்தாளம் இல்லை, உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார். வித்தாஃபெரின் ஏ, செல்களைக் கொல்லும் திறனுக்காகப் புற்றுநோய் ஆய்வுக்கூடங்களில் சோதிக்கப்படும் பொருள் என்றேன். பாலில் அவித்துப் பிள்ளை பெற்றவளுக்கும் வயதானவருக்கும் கொடுக்கிற வேருக்குத் தலைமுறைகளின் அனுபவம் இருக்கிறது, அந்த அனுபவத்தை அப்படியே இலைக்கும் மாற்றி எழுதிக்கொள்ள முடியாது என்றேன். ஆயுஷ் அமைச்சகமே 2021-ல் மருந்து தயாரிப்பாளர்களுக்கு அமுக்கரா இலையைப் பயன்படுத்த வேண்டாம், வேரையே பயன்படுத்துங்கள் என்று அறிவுறுத்தியிருப்பதையும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நாங்க பொடியா வாங்கி பொடியா குடுக்கறோம் மேடம். எங்களுக்கு அந்த ரிப்போர்ட்தான் கண்ணு" என்றார்.

பெல்ஜியத்தில் நடந்ததையும் அவரிடம் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. 1990-களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் உடல் இளைக்க மூலிகைக் காப்ஸ்யூல் சாப்பிட்ட பெண்களுக்கு அடுத்தடுத்துச் சிறுநீரகம் செயலிழந்தது. ஸ்டெஃபானியா என்ற கொடியின் வேர் இருக்க வேண்டிய இடத்தில், சீனப் பெயர் ஏறக்குறைய ஒன்றாக இருந்ததால், அரிஸ்டோலோக்கியா இனத்து வேர் போயிருந்தது. பாதிக்கப்பட்டவர்கள் 100-க்கும் மேல். பலருக்கு டயாலிசிஸ், மாற்றுச் சிறுநீரகம், சிலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய். அந்தக் காப்ஸ்யூலுக்கு ஈயம், பாதரசம், கிருமி எல்லாம் பார்த்திருந்தாலும் அருமையாகத் தேறியிருக்கும். அரிஸ்டோலோக்கியா நமக்கும் தூரமில்லை, நம் ஊர் ஆடுதின்னாப்பாளையும் ஈசுவரமூலியும் அந்த இனம்தான்.

பொடியாகும் முன்

சென்னையில் ராசப்ப செட்டித் தெருவுக்கு நான் அடிக்கடி போவேன். ஒப்பிட்டுப் பார்க்க நல்ல மாதிரிகள் வேண்டியிருக்கும். அங்கே எனக்குப் பழக்கமான அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். இந்தப் பொடியை ஒரு பொட்டலத்தில் கொண்டுபோய்க் காட்டினேன். வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. "பொடியில என்னத்தப் பாக்கச் சொல்லுதிய? கெழங்கா கொண்டாங்க, சொல்லுதேன்" என்றார். பிறகு சாக்கிலிருந்து சீமை அமுக்கராவை ஒரு பிடி அள்ளி எடுத்தார். பென்சில் தடிமனில் ஒன்றைத் தேர்ந்து இரண்டு விரலால் ஒடித்தார். டக்கென்று முறிந்தது, நார் இழுபடவில்லை. உள்ளே வெள்ளை, ஒடிந்த இடத்தை விரலில் தேய்த்ததும் மாவு ஒட்டியது. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் என்னிடமும் நீட்டினார், அந்தக் குதிரை வாடை. அடுத்து, நார்நாராக, கட்டையாக இருந்த ஒன்றை ஒடிக்கப் பார்த்தார், வளைந்தது. "இது முத்தினது, இல்லன்னா தண்டோட அடிக்கட்டை. இத ஒதுக்கிருவோம்" என்று தனியே போட்டார். தண்டின் அடிப்பகுதியை வேரோடு சேர்த்து அனுப்புவதும் வழக்கமான கோளாறுதான். அதை நான் குறுக்குவெட்டு எடுத்து, சாயம் ஏற்றி, நடுவில் தண்டுச் சோறு இருக்கிறதா என்று தேடித்தான் சொல்ல வேண்டியிருக்கும். அவர் விரல் போதும் என்கிறது.

விரல் எப்போதும் சரியாகச் சொல்லும் என்று நான் நினைக்கவில்லை. விரலுக்கு ஈயம் தெரியாது, பூஞ்சை நஞ்சு தெரியாது. அதே தெருவில் சிறுநாகப்பூ கேட்டு நான் வாங்கியவற்றில் பல பூவே அல்ல, கருவா இனத்து மரம் ஒன்றின் பிஞ்சுக் காய். கொடுத்தவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்கள் அப்பா காலத்திலிருந்து அதுதான் சிறுநாகப்பூ. மருந்தியல் நூலோ நாகமரத்தின் பூ என்கிறது. சூரணத்தில் அது இரண்டு பங்குதான், அமுக்கரா அளவுக்கு அது யாரையும் உறுத்துவதில்லை. என்னை உறுத்துகிறது, அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஆய்வறிக்கையின் முதல் வரி, 'இது இன்ன செடியின் இன்ன உறுப்பு, இந்த முறையில், இந்த ஆதார மாதிரியோடு ஒப்பிட்டு உறுதி செய்யப்பட்டது' என்று இருக்க வேண்டும். மற்ற எல்லா எண்களும் அதற்குக் கீழே. அந்த வரியைக் கேட்டு வாங்கும் உரிமை மருத்துவருக்கும் வியாபாரிக்கும் இருக்கிறது. பொடியின் மைக்ரோஸ்கோப் பரிசோதனைக்கு எங்கள் விலைப்பட்டியலில் இருப்பதிலேயே குறைந்த கட்டணம்தான். ஒரு ஸ்லைடு, ஒரு சொட்டுக் கரைசல், அதைப் படிக்கத் தெரிந்த ஒருவர். கடைசியாகச் சொன்னதுதான் குறைந்துகொண்டே வருகிறது. கருவி ஓட்டப் பிள்ளைகள் ஆர்வமாக வருகிறார்கள், இலைத்துளை பார்த்துக் குடும்பம் சொல்லப் பழக யாரும் உட்கார்வதில்லை. உட்கார்ந்து கற்றுக்கொண்ட ஒரு பெண்ணுக்கு, கருவி ஓட்டுபவருக்குக் கிடைப்பதைவிடக் குறைந்த சம்பளம் கிடைக்கிறபோது அவளைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

அந்த மருத்துவர் மூட்டையைத் திருப்பி அனுப்பிவிட்டார். வியாபாரி வாங்கிக்கொண்டார், சண்டை இல்லை. இப்போது மருத்துவர் மறுபடி கிழங்காகவே வாங்குகிறார், பக்கத்து ஊரில் மாவு மில் வைத்திருப்பவர் மூலிகைக்கென்று தனியாக ஒரு இயந்திரத்தைக் கழுவிக் கொடுக்கச் சம்மதித்திருக்கிறாராம். முதல் சாம்பிள் எனக்கு வந்தது. குறுக்குவெட்டு எடுத்தேன், வேர். அயோடினில் கருநீலம் அடர்ந்து நிறைந்தது. இலை இல்லை, தண்டு இல்லை. மற்ற பரிசோதனைகளுக்கும் அனுப்பினேன். அமிலத்தில் கரையாத சாம்பல் 1.6 சதவீதம் வந்தது. எல்லை 1. 'தரத்துக்கு உட்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அறிக்கை போய்ச் சேர்ந்ததும் போன் வந்தது.

"என்னக்கா, ஃபெயில் போட்டுட்டீங்க?"

"கிழங்கு நல்ல கிழங்குதாம்மா. மேல மண்ணு ஒட்டியிருக்கு, அதான். நல்லா அலசி, காயவச்சு மறுபடி அனுப்பு. ரொம்ப நேரம் ஊற விட்டுடாத, சாரம் தண்ணியோட போயிடும்."